கழிசல் குவியலிலிருந்து வழுதாவூர் வரை: ஒரு கடற்கரைப் பயணம்

வெள்ளி இரவு, திருப்பாதிரிப்புலியூர்

விலங்குகளைப் பார்க்க வேண்டுமென்றால் முதுமலைக்கோ கிர் காட்டுக்கோ போக வேண்டும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அங்கே கண்ணில் படுபவை பெரும்பாலும் பாலூட்டிகளும் பறவைகளும். இன்று உயிரோடிருக்கும் விலங்குகளை அறிவியலார் சுமார் 35 பெருந்தொகுதிகளாகப் பிரிக்கிறார்கள். யானை, புலி, மயில், பாம்பு, தவளை, மீன், மனிதர் எல்லோரும் சேர்ந்தும் அவற்றில் ஒரே ஒரு தொகுதிக்குள் அடங்கிவிடுகிறோம். மற்றவற்றைச் சந்திக்கக் கடலுக்குத்தான் வர வேண்டும். ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளுக்கும் கடலில் ஆள் உண்டு. இன்றைய உறுப்பினர்கள் அனைவரும் தரையிலேயே வாழும் தொகுதி என்று வெல்வெட் புழுக்களை மட்டுமே சொல்ல முடியும்.

அதனால்தான் இந்த மாசி மாதத்தில் கடலூர். என்னோடு வந்திருப்பவள் அண்ணன் மகள். கல்லூரியில் விலங்கியல் முதலாண்டு படிக்கிறாள். நான் அதே பாடத்தைப் பள்ளியில் நடத்தி ஓய்வு பெற்றவள். ரயிலில் வரும்போதே தன் பாடக்குறிப்பை விரித்துக் காட்டினாள். கடற்பஞ்சில் தொடங்கி, ஜெல்லி மீன் எனப்படும் சொறி, புழு, நண்டு, நத்தை, நட்சத்திர மீன், மீன், தவளை, பாம்பு, பறவை, குரங்கு என்று ஏறி, உச்சியில் மனிதன். "இந்த வரிசையை அப்படியே மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா அத்தை?" என்று கேட்டாள். பெயர்களை மனப்பாடம் செய், வரிசையை மறந்துவிடு என்றேன். ஏன் மறக்க வேண்டும் என்பதை நாளை முதல் அவளுக்குக் காட்டப் போகிறேன். அன்றன்று இரவு இங்கே எழுதிப் போடுகிறேன்.

சனிக்கிழமை, கடலூர் முதுநகர்

இருட்டு விலகுமுன்பே ஆட்டோ பிடித்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விட்டோம். உப்பனாற்றுக் கரை முழுக்க விசைப்படகுகள். வஞ்சிரமும் வவ்வாலும் சங்கராவும் கூடை கூடையாக ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் ஏலத்தைத் தாண்டிப் போய், கழிசல் மீன் கொட்டிக் கிடந்த மூலையில் நின்றோம். இழுவலை தரையை வாரி எடுத்துவந்ததில் விலை போகாத எல்லாம் அங்கே குவிந்திருக்கும். கருவாட்டுக்கும் தீவனத்துக்கும் உதவுபவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அக்கா எங்களைப் பார்த்து, "என்னம்மா வேண்டும்? நல்ல மீன் அந்தப் பக்கம் இருக்கிறது" என்றார். விலை போகாததைத்தான் பார்க்க வந்தோம் அக்கா என்றதும் சிரித்துவிட்டு, தான் உட்கார்ந்திருந்த பலகையில் எங்களுக்கும் இடம் விட்டார். அதன் பிறகு எது கையில் கிடைத்தாலும் எங்கள் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார்.

முதலில் வந்தது ஒரு நண்டு. முதுகு ஓட்டை அழுத்தினால் உள்ளே அமுங்கியது. "தோல் உரித்த நண்டு, இரண்டு மூன்று நாளில் கெட்டியாகிவிடும்" என்றார் அக்கா. உரிப்பது என்ற இந்த ஒரு பழக்கத்தை வைத்துத்தான் விலங்குலகின் உறவுமுறை மாற்றி எழுதப்பட்டது. பிரெஞ்சு விலங்கியலார் ஜார்ஜ் கூவியே 1817-ல் விலங்குகளை நான்கு பெரும் பிரிவுகளாக வகுத்தபோது, உடல் வளையம் வளையமாக இருப்பதைப் பார்த்து நண்டையும் பூச்சியையும் மண்புழுவையும் ஒரே பிரிவில் வைத்தார். பார்வைக்கு அது நியாயமாகத்தான் தோன்றும். ஏறத்தாழ 180 ஆண்டுகள் அந்த உறவு பாடப்புத்தகங்களில் நிலைத்திருந்தது. 1997-ல் மரபணு ஒப்பீடு வேறு கதையைச் சொன்னது. நண்டுக்கும் பூச்சிக்கும் நெருங்கிய உறவு, வளையமே இல்லாத உருளைப்புழுக்களோடுதான். அவை எல்லாமே வளரும்போது மேல்தோலை உரித்துத் தள்ளுபவை. மண்புழு உரிப்பதில்லை. அது போய்ச் சேர்ந்த வீட்டில் மட்டியும் நத்தையும் கணவாயும் இருக்கின்றன. கடல்புழுவின் இளம்பருவத்தையும் மட்டியின் இளம்பருவத்தையும் நுண்ணோக்கியில் அடுத்தடுத்து வைத்தால் இரண்டிலும் இடுப்பைச் சுற்றி மயிரிழை வளையத்தோடு சுழன்று நீந்தும் அதே பம்பர உருவத்தைப் பார்க்கலாம். வளர்ந்த பிறகு ஒன்று ஓட்டுக்குள் போய்விடுகிறது, மற்றொன்று மண்ணுக்குள் போய்விடுகிறது. பெரியப்பா மகன் மீசை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்காரர் சாயலில் தெரிந்தாலும் அவன் நம் வீட்டுப் பிள்ளைதான்.

"அப்படியென்றால் மட்டிக்கு மண்புழுதான் சொந்தமா?" என்றாள் அண்ணன் மகள். நண்டைவிடச் சொந்தம்.

அடுத்து வந்தது ஓட்டுக் கணவாய். உடம்பில் ஒரு பழுப்பு நிற அலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணைப் பார்க்கச் சொன்னேன். வளைந்து நெளிந்த கரும்பாப்பா, வில்லை, பின்னால் ஒளித்திரை. நம் கண்ணில் இருப்பவை எல்லாம் இதிலும் உண்டு. ஆனால் நம் கண்ணில் ஒளியை வாங்கும் செல்களுக்கு முன்னால் நரம்பிழைகள் ஓடி, ஒரே இடத்தில் துளைத்துக்கொண்டு மூளைக்குப் போகின்றன. அந்த இடத்தில் நமக்குப் பார்வை இல்லை. அதுதான் குருட்டுப் புள்ளி. கணவாய்க்கு நரம்புகள் திரைக்குப் பின்புறமாகவே கிளம்பிவிடுகின்றன, எனவே குருட்டுப் புள்ளி கிடையாது. இரண்டு வம்சங்களும் தனித்தனியாகக் கட்டிய கண்கள் இவை. கண் வளர்ச்சியைத் தொடக்கிவைக்கும் மரபணு மட்டும் இரண்டுக்கும் பொதுச் சொத்து. மட்டியின் உறவினர் ஒருவருக்கு நம்மைவிட ஒழுங்காக நரம்பு ஓடும் கண் இருக்கிறது என்றால், அந்தப் பாடக்குறிப்பின் ஏணியில் அவரை எந்தப் படியில் வைப்பது?

அக்கா கத்தியால் முதுகைக் கீறிக் கடல்நுரையை உருவிக் காட்டினார். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் அதே வெள்ளைத் துண்டு. அதுதான் கணவாயின் ஓடு. முன்னோர் வெளியே சுமந்ததை இது உள்ளே எடுத்துக்கொண்டு, அடுக்கடுக்கான நுண் அறைகளில் காற்றையும் நீரையும் மாற்றி மாற்றி நிரப்பி மிதக்கவும் அமிழவும் பயன்படுத்துகிறது. விரல் நகத்தால் சுரண்டினால் அந்த அடுக்குகள் பொடியாக உதிர்ந்தன.

நட்சத்திர மீன்கள் நிறையக் கிடந்தன. இவற்றை நான் எப்போதும் கொஞ்சம் மரியாதையோடுதான் கையில் எடுப்பேன். குவியலில் கிடந்த முதுகெலும்பில்லாத உயிர்களில் நமக்கு நெருங்கியவர்களில் இவையும் உண்டு. கரு உருவாகும்போது முதலில் குழிந்து உண்டாகும் துளை, நட்சத்திர மீனிலும் நம்மிலும் ஆசனவாயாகிறது. வாய் பிறகுதான் திறக்கிறது. மூளை இல்லை, தலை இல்லை, ஐந்து கை என்று பார்த்தால் உறவு சொல்லத் தோன்றாது. ஆனால் அதன் குட்டிப் பருவம் நம்மைப் போலவே இடம் வலம் உள்ள உடலோடு நீந்தித் திரிகிறது. ஐந்து பக்க உடல் பிறகு வாங்கிக்கொண்டது. 2023-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. மற்ற விலங்குகளில் தலைப்பகுதியை உருவாக்கும் மரபணுக்கள் நட்சத்திர மீனின் கைகள் முழுவதிலும் வேலை செய்கின்றன. நடுவுடலை உருவாக்குபவை மேற்புறத் தோலில் ஏறக்குறைய அமைதியாக இருக்கின்றன. தலையே இல்லை என்று நாம் நினைத்த உயிர், பெரும்பகுதி தலையாக ஊர்ந்துகொண்டிருக்கிறது.

இன்னும் நெருங்கிய உறவு ஒன்று இருந்தது. கரையில் போட்டிருந்த பழைய கயிற்றில் பாசி ஒட்டிய கொழகொழப்பான முடிச்சுகள். ஒன்றை அழுத்தியதும் பீய்ச்சி அடித்த தண்ணீர் அண்ணன் மகளின் கண்ணாடியில் விழுந்தது. கடற்பீச்சி. ஒட்டிய இடத்திலேயே இருந்து நீரை உறிஞ்சி வடிகட்டிச் சாப்பிட்டு வாழும் ஒரு பை. இதன் குஞ்சு தலைப்பிரட்டை வடிவத்தில் நீந்தும் என்பதையும், அதன் வாலில் நம் கருவில் முதுகெலும்புக்கு முன்னோடியாக வரும் அதே முதுகுநாண் இருக்கிறது என்பதையும் 1866-ல் ரஷ்யரான கொவலெவ்ஸ்கி காட்டினார். அதுவரை இதை மெல்லுடலிகளோடு சேர்த்திருந்தார்கள். 2006-ல் வந்த மரபணு ஆய்வு, முதுகெலும்பிகளுக்கு மிக நெருங்கிய உயிருள்ள உறவு இந்தக் கூட்டம்தான் என்று சொன்னது. ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்ததும் குஞ்சு தன் வாலையும் நாணையும் கரைத்துவிடுகிறது. பரிணாமம் என்றால் எப்போதும் கூடிக்கொண்டே போவது என்று நினைப்பவர்களை நான் இந்தக் கயிற்றின் முன் கொண்டுவந்து நிறுத்துவேன்.

சுறாவும் திருக்கையும் அதே கதைதான். குருத்தெலும்பு மட்டுமே உள்ளதால் சுறா பழையது, எலும்பு பின்னால் வந்தது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். மங்கோலியாவில் கிடைத்த சுமார் 41 கோடி ஆண்டுப் பழைய மீனின் மண்டையில் எலும்பு இருந்ததை 2020-ல் அறிவித்தார்கள். அது சுறாவும் எலும்பு மீன்களும் பிரிவதற்கு முந்திய கிளையைச் சேர்ந்தது. அப்படியானால் சுறா வம்சம் எலும்பைப் பெற்றிருந்து பிறகு கைவிட்டிருக்க வேண்டும்.

வெயில் ஏறியதும் குவியலில் வாடை தாங்க முடியவில்லை. அக்காவிடம் ஒரு கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு கிளம்பினோம். விடுதியில் சமைத்துக் கொடுத்தார்கள்.

ஞாயிறு, பரங்கிப்பேட்டை

கடலூரிலிருந்து தெற்கே பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். வெள்ளாறு கடலோடு சேரும் இந்த ஊரில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. தமிழ்நாட்டில் கடலுயிர் படித்த பலருக்கு இது தாய்வீடு. கழிமுகத்தில் வலை வீசிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் படகில் ஏற்றிக்கொண்டார்.

பார்க்க விரும்பிய உயிர் பத்தே நிமிடத்தில் கிடைத்தது. அண்ணன் மகள் கண்ணாடி டம்ளரைத் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்தாள். வெறும் தண்ணீர் என்றுதான் தோன்றியது. வெயிலுக்கு நேரே பிடித்தபோது நெல்லிக்காய் அளவில் ஏதோ ஒன்று உருண்டது. அதன் மேலிருந்து கீழாக எட்டு வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் மயிரிழைச் சீப்புகள் துடிக்கத் துடிக்க, ஊதாவும் பச்சையும் சிவப்பும் கோடு கோடாக இறங்கி ஓடின. சீப்புச் சொறி. சொறி என்ற பெயர் இருந்தாலும் கொட்டாது. கொட்டும் சொறிகளின் தொகுதி வேறு, இது வேறு. கொட்டும் செல்களுக்குப் பதில் ஒட்டும் செல்களை வைத்து இரை பிடிக்கும். பெரியவர் டம்ளரை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வலையில் கூழாக வரும், இவ்வளவு அழகு என்று பார்த்ததில்லை" என்றார்.

விலங்கியலில் இன்று நடக்கும் பெரிய வாக்குவாதம் இந்த நெல்லிக்காய் உருண்டையைப் பற்றியது. விலங்கு மரத்தில் முதலில் பிரிந்த கிளை எது? கடற்பஞ்சு என்பதே பழைய விடை. கடற்பஞ்சுக்கு நரம்பும் இல்லை, தசையும் இல்லை. எளியது முதலில் வந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றும். சீப்புச் சொறிக்கோ இரண்டும் உண்டு. 2008 முதல் சில மரபணு ஆய்வுகள், முதலில் பிரிந்தது சீப்புச் சொறிதான் என்று சொல்லத் தொடங்கின. 2023-ல் குரோமோசோம்களில் மரபணுக்கள் எந்தக் கூட்டமாக அமர்ந்திருக்கின்றன என்பதை ஒப்பிட்ட ஆய்வும் அந்தப் பக்கமே சாய்ந்தது. இதை ஏற்றுக்கொண்டால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். நரம்பு இரண்டு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்க வேண்டும், அல்லது கடற்பஞ்சின் முன்னோர் நரம்பை இழந்திருக்க வேண்டும். வழக்கு முடியவில்லை, எதிர்த்தரப்பும் வலுவாகத்தான் பேசுகிறது. எனக்கு இந்த வாக்குவாதமே பெரிய செல்வம். அறிவியல் முடிந்துபோன பாடம் என்று நினைக்கும் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

படகிலேயே காலத்தைப் பற்றியும் பேசினோம். கண்ணால் காணும் அளவு பெரிய உடல்கள் கடலடியில் பதிந்த தடங்கள் சுமார் 57.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்குகின்றன. அவற்றில் டிக்கின்சோனியா என்ற தட்டையான உயிர் விலங்குதானா என்பதே பல பத்தாண்டுச் சர்ச்சை. ரஷ்யாவின் வெண்கடல் பகுதியில் கிடைத்த அதன் தடத்தில் கொலஸ்ட்ரால் மிச்சம் இருந்ததை 2018-ல் கண்டார்கள். அது விலங்குக்குரிய அடையாளம். பிறகு 53.9 கோடி ஆண்டுகளுக்கு முன் கேம்பிரியன் காலம் தொடங்கியது. அடுத்த சில கோடி ஆண்டுகளுக்குள்ளாகவே இன்றைய பெருந்தொகுதிகளில் பலவற்றின் முன்னோர்கள் சீனாவின் செங்ஜியாங் பாறையிலும் கனடாவின் பர்ஜெஸ் பாறையிலும் பதிந்துவிட்டார்கள். நண்டு வம்சமும் நம் வம்சமும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. யாரும் யாருக்கும் பிறகு வந்தவர்கள் அல்லர்.

திங்கள் பகல், பிச்சாவரம்

சிதம்பரத்தில் தங்கிவிட்டுக் காலையில் வந்தோம். துடுப்புப் படகே போதும் என்று சொல்லிவிட்டேன். இயந்திரச் சத்தத்தில் எதுவும் வெளியே வராது. சுரபுன்னை வேர்கள் கால் ஊன்றி நிற்கும் வாய்க்கால்களுக்குள் இறால் தடவிக்கொண்டிருந்த இருளர் பெண்கள் கழுத்தளவு நீரில் பேசிக்கொண்டே நகர்ந்தார்கள். சேற்றை விரலால் படிப்பவர்கள் அவர்கள்.

நீர் வடிந்த சேற்றில் சேற்று மீன்கள். உலுவை இனம். உச்சந்தலையில் துருத்திய கண்கள், பக்கத் துடுப்புகளைக் கையாக ஊன்றி ஊன்றி நடை. ஒன்று எங்கள் படகுக்கு ஒரு முழ தூரத்தில் நின்று, ஒரு கண்ணை மட்டும் உள்ளே இழுத்து ஈரப்படுத்திக்கொண்டு மறுபடி வெளியே எடுத்தது. செவுள் அறையில் தண்ணீரைத் தேக்கிக்கொண்டும், ஈரத் தோலாலும் வாயின் உட்புறத்தாலும் மூச்சு வாங்கியும் மணிக்கணக்கில் வெளியே இருக்கும்.

"இப்படித்தானே அத்தை மீன் தரைக்கு வந்தது?" என்ற கேள்வி வந்தே தீரும், வந்தது. இல்லை. இது தன் வழியில், மிகப் பிற்காலத்தில், தானாகத் தரைக்கு வந்த மீன். நம் முன்னோர் வேறு கிளை. துடுப்புக்குள் ஒற்றை மேற்கை எலும்பும், அதை அடுத்து இரட்டை எலும்பும் கொண்ட சதைத் துடுப்பு மீன்கள் அவை. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 2004-ல் கிடைத்த டிக்டாலிக், 37.5 கோடி ஆண்டுப் பழையது. செதிலும் துடுப்பும் மீனுக்கு, கழுத்தும் மணிக்கட்டும் நமக்கு. அந்தக் கிளையில் இன்று எஞ்சியவர்கள் சீலக்காந்து என்ற மீனும் நுரையீரல் மீன்களும், நம்மையும் சேர்த்த நாற்கால் விலங்குகளும்தான். நுரையீரல் மீனுக்குக் கெளுத்தியைவிட நாம் நெருங்கிய உறவு. இதைக் கேட்டதும் அண்ணன் மகள் துடுப்பு போடுபவரைப் பார்த்து, "அண்ணா, நாமெல்லாம் மீன்தானாம்" என்றாள். அவர், "எங்கள் பிழைப்பே அதுதானே அம்மா" என்றார்.

சேற்று மேட்டில் ஒற்றைப் பெரிய கொடுக்கை ஆட்டி ஆட்டிப் பெண்ணை அழைக்கும் நண்டுகள் நூற்றுக்கணக்கில். சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகள் சில. நண்டு வடிவத்தைப் பற்றி ஒரு செய்தி: தட்டையான அகன்ற முதுகு, வயிற்றடியில் மடித்த வால் என்ற இந்த உடல் குறைந்தது ஐந்து முறை தனித்தனி வம்சங்களில் தோன்றியிருக்கிறது. குளிர்கடலின் ராஜ நண்டுகள் துறவி நண்டு வம்சத்திலிருந்து வந்தவை. உண்மை நண்டுகளோடு சேர்ந்தவை அல்ல. உருவத்தைப் பார்த்து உறவு சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வேர் நுனியில் ஒரு தும்பி வந்து உட்கார்ந்தது. அதற்குக் கீழே நீரில் இறால் குஞ்சுகள் சிதறின. தும்பிக்கு நெருக்கம் பூரானா, இறாலா? ஆறு கால், நூறு கால் என்று எண்ணிப் பார்த்துப் பூரான் என்பார்கள். இறால்தான். பூச்சிகள், ஓட்டுடலிகளின் மரத்துக்குள்ளேயே முளைத்துத் தரைக்கும் பிறகு காற்றுக்கும் போன ஒரு கிளை. பெயரிட்டு அறிந்த பூச்சியினங்கள் மட்டும் சுமார் 10 லட்சம். அவற்றில் வண்டுகளே ஏறக்குறைய 4 லட்சம். முதுகெலும்பிகள் எல்லாம் சேர்ந்தும் ஒரு லட்சத்தைத் தொடவில்லை. எண்ணிக்கைதான் வெற்றி என்றால் இந்த உலகம் இறாலின் சித்தப்பா பிள்ளைகளுடையது.

திங்கள் இரவு, கடலூர்க் கரை

சிறு குறிப்பு மட்டும், கண் சொருகுகிறது. முட்டையிடும் காலம் என்பதால் இரவில் கரையோரம் சுற்றும் ஆமைக் காவல் தன்னார்வலர்களோடு நடந்தோம். நள்ளிரவுக்குப் பிறகு ஒரு பங்குனி ஆமை கரையேறியது. பின்னங்கால்களைக் கரண்டியாக மடக்கி, ஒரு கால் மண்ணை அள்ளி வெளியே வைக்க, மறுகால் அதைத் தட்டிவிட, மாறி மாறி ஒரு முழம் குழி. நூறுக்குச் சற்று முன்பின்னாக முட்டைகள். அவற்றைக் காவலுள்ள பொரிப்பகத்துக்கு எடுத்துப் போனார்கள். நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் பொரியும். குழியின் சூடு சுமார் 29 டிகிரிக்கு மேல் போனால் பெண் கூடும், குறைந்தால் ஆண் கூடும். வெப்பம் ஏறிவரும் இந்தக் காலத்தில் இது எனக்குக் கவலை தரும் செய்தி.

ஆமையின் ஓடு விலா எலும்புகள் அகன்று இணைந்தது. அதனால் தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டுக்கு உள்ளே இருக்கும் விந்தை ஆமைக்கு மட்டுமே. சீனாவில் 2008-ல் அறிவித்த 22 கோடி ஆண்டுப் பழைய ஆமைக்கு வயிற்றுப்புற ஓடு முழுதாக இருந்தது, முதுகுப்புற ஓடு இல்லை. மரபணு சொல்வது: ஆமைக்குப் பல்லியையும் பாம்பையும்விட முதலையும் பறவையும் நெருக்கம்.

செவ்வாய், புதுச்சேரி

பகலில் ஊசுட்டேரி. நீர் நன்றாக இருந்தது. நாமக்கோழிகள் கரும்புள்ளிகளாக நடு ஏரி வரை. நத்தை குத்தி நாரை ஒன்று குளத்து நத்தையை அலகால் பிடித்து, நீருக்குள்ளேயே ஏதோ செய்து, சதையை மட்டும் வெளியே எடுத்தது. ஒரு டைனோசர், கணவாயின் உறவினரை ஓட்டிலிருந்து உரித்துத் தின்கிறது என்று சொன்னால் மிகையில்லை. 1996-ல் சீனாவில் இறகுத் தூவி போர்த்திய சைனோசாரோப்டெரிக்ஸ் வெளிவந்த பிறகு பறவைகள் டைனோசர் கிளை என்பதில் ஐயம் கொள்வோர் மிகச் சிலர். அக்கிளை அழியவில்லை, சுமார் 11,000 இனங்களாக நம் தலைக்கு மேல் பறக்கிறது.

மாலையில் தாவரவியல் பூங்கா. இந்த ஊருக்கு விலங்கியலில் ஒரு பழைய இடம் உண்டு. லெஷனோ என்ற பிரெஞ்சு இயற்கையாளர் 1816 முதல் 1822 வரை புதுச்சேரியைத் தளமாகக் கொண்டு சேகரித்து, பாரிசுக்குப் பெட்டி பெட்டியாக அனுப்பினார். அவர் அனுப்பிய மீன்களை வைத்துத்தான் கூவியே பல இனங்களுக்கு முதல் விவரணை எழுதினார். லெஷனோவின் பெயரைத் தாங்கிய பழந்தின்னி வௌவால் 1820-ல் அறிவியலுக்கு அறிமுகமானது புதுச்சேரியிலிருந்துதான். விளக்கு ஏற்றும் நேரத்தில் பாதாம் மரத்துக்குப் பழந்தின்னிகள் வந்து இறங்கின. வௌவாலை எலியின் உறவு என்று நினைக்கிறோம். மரபணுவில் அது குதிரை, பசு, நாய், திமிங்கலம் இருக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. எலிக்கு நெருங்கிய உறவு நாம்தான்.

புதன், சேதராப்பட்டு, வழுதாவூர்ப் பக்கம்

புதுச்சேரிக்கு மேற்கே, வடமேற்கே ஒரு சிறு சுற்றளவில் கரசூர், மேட்டுவெளி, கடப்பேரிக்குப்பம், வழுதாவூர் என்று ஊர்கள். நெல்லும் சவுக்கும் விளையும் இந்த மண்ணுக்கு அடியில், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசிய யுகக் கடலின் கடைசிக் காலம் இருக்கிறது. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல்.

வாடகை வண்டியை நிறுத்திவிட்டு ஒரு வரப்போரம் நடந்தோம். நிலத்துக்காரர் கிணறு வெட்டியபோது எடுத்த கல்லைக் குவித்து வைத்திருந்தார். மஞ்சள் கலந்த சுண்ணக் கற்கள். ஒன்றைக் கழுவிப் பார்த்ததில் சிப்பி ஓடுகளின் வெட்டுமுகம், பிறை பிறையாக. இன்னொன்றில் விரல் நீளத்துக்கு நேரான ஒரு துண்டு. அதன் மேற்பரப்பில் கீரைக் கொழுந்தின் விளிம்பாக நெளிந்து நெளிந்து ஓடிய கோடுகள். அண்ணன் மகள் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். அறைச் சுவர்கள் ஓட்டோடு சேரும் தையல் கோடுகள் அவை. ஓட்டோடு வாழ்ந்து அழிந்துபோன கணவாய்ச் சொந்தமான அம்மோனைட் வகையில், சுருளாமல் நேராக நீண்ட பாகுலைட்டிஸ். சனிக்கிழமை கத்தியால் உருவிக் காட்டிய கடல்நுரையின் அறைகளும் இந்த அறைகளும் ஒரே வம்சத்து வேலைப்பாடு. அம்மோனைட்டின் சுருளைப் பார்த்தால், இன்றும் சுருள் ஓட்டோடு கடலில் வாழும் நாட்டிலஸ் நினைவுக்கு வரும். ஆனாலும் அதற்கு நெருங்கிய உறவு கணவாய்தான்.

1840-களின் தொடக்கத்தில் சென்னை மாகாண அதிகாரிகளான கேயும் கன்லிஃபும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் இந்தப் புதைபடிவங்களைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். அவற்றை விவரித்து 1846-ல் அறிக்கை வெளியிட்ட எட்வர்ட் ஃபோர்ப்ஸ், அம்மோனைட்டுகளுக்கு இந்திரன், வருணன், சூரியன், பிரம்மா என்று பெயர் சூட்டினார். இன்றும் அந்த இனப்பெயர்கள் செல்லும். மடகாஸ்கரில்கூட இதே இனத்தைத் தோண்டி எடுப்பவர்கள் இந்திரன் பெயரை எழுதித்தான் பதிவு செய்கிறார்கள்.

வழுதாவூர், மேட்டுவெளிப் பாறைகள் கிரெட்டேசியத்தின் கடைசி அடுக்குகள். கடப்பேரிக்குப்பம் பாறை அதற்கு அடுத்த யுகத்தைச் சேர்ந்தது. இடையில் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பேரழிவு இருக்கிறது. மெக்சிகோவின் யூகடான் கரையில் விண்கல் விழுந்த காலம். முன்னதில் அம்மோனைட்டுகள் கொழிக்கின்றன, பின்னதில் இல்லை. 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் உலகக் கடல்களை ஆண்ட வம்சம் அது. நாட்டிலஸ் மட்டும் பிழைத்ததற்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள்: அம்மோனைட் குஞ்சுகள் மிகச் சிறியவை, மேல்மட்ட நீரில் மிதவை உயிர்களோடு வளர்ந்தவை, அந்த உணவு வலை அறுந்தபோது அவையும் போயின. நாட்டிலஸ் ஆழத்தில் பெரிய முட்டையாகச் சிலவே இடும். அம்மோனைட் திறமைக் குறைவால் அழியவில்லை, டைனோசரும் அப்படித்தான். அந்த ஒரு நாள் வேறு விதமாகப் போயிருந்தால் இன்று கடலூர் ஏலத்தில் இந்திரனையும் வருணனையும் கூடையில் வைத்து விலை கூறியிருப்பார்கள். ஏலம் எடுக்க நாம் இருந்திருப்போமா என்பது வேறு விஷயம்.

இங்கிருந்து சிறிது தூரத்தில் திருவக்கரை. அங்கே கல்மரங்களுக்கு வேலியும் காவலும் உண்டு. தேசியப் பூங்கா என்று பலகையும் உண்டு. இந்தப் பக்கம் நாங்கள் நடந்த பாதைகளில் அப்படி ஒரு பலகையைக்கூடப் பார்க்கவில்லை. மனைப்பிரிவுக் கற்கள்தான் வரிசையாக நட்டிருக்கின்றன. தமிழ்நாடு, புதுச்சேரி நிர்வாகங்கள் இரண்டுக்கும் என் வேண்டுகோள்: மேட்டுவெளியிலும் கடப்பேரிக்குப்பத்திலும் ஒரு சில சென்ட் நிலத்தையாவது வேலியிட்டு, அந்த எல்லையைப் பிள்ளைகள் நேரில் பார்க்க வழி செய்யுங்கள். பக்கத்துக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகள் சேர்ந்து கேட்டால் இன்னும் விரைவில் நடக்கும். நான் என் பங்குக்கு இரண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களுக்கும் கடிதம் எழுதிவிட்டேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: துறைமுகத்துக்கு ஐந்து மணிக்குள் போய்விடுங்கள், பிச்சாவரத்தில் நீர் வடியும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு படகு எடுங்கள், வழுதாவூரில் நிலத்துக்காரரைக் கேட்காமல் வரப்பில் இறங்காதீர்கள். கல்லைப் படம் எடுத்துக்கொண்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். நாங்களும் அந்த நேரான துண்டை அவர் குவியலிலேயே வைத்துவிட்டு வந்தோம்; அதைக் கல்லூரிக்குக் கொடுத்துவிடச் சம்மதித்திருக்கிறார், அடுத்த வாரம் அண்ணன் மகளின் துறைத்தலைவர் நேரில் வந்து வாங்கிக்கொள்வார்.